சிகிச்சையில் இருக்கும் சொல்

டிரைவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வசவு. அதுவும் யாருடைய வசவோ அல்ல, அவர் ஆயுள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்ட வசவுதான். முப்பது வயதில் தலை நரைக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவர் மனைவி அவரைக் "கிழவா" என்றுதான் கூப்பிட்டாள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள். கூடவே அந்தச் சொல்லும் வீட்டைவிட்டுப் போய்விட்டது. மகள் "அப்பா" என்கிறாள். வங்கியில் "மூத்த குடிமகன்" என்கிறார்கள். பக்கத்து வீட்டார் "சார்" என்கிறார்கள். எல்லாரும் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார்கள். அத்தனை மரியாதைக்கு நடுவே மனுஷனுக்கு வீடு வெறிச்சென்று கிடந்தது.

புகைப்படங்கள் பெட்டி நிறைய இருந்தன. குரல்தான் இல்லை. நாள் முழுக்க ஓயாத வாய், போனைக் கண்டால் மட்டும் பூட்டிக்கொள்ளும். "ம், ம், வைக்கட்டுமா" என்பதற்கு மேல் அவள் அதில் பேசியதே கிடையாது.

மகளுக்குத்தான் ஞாபகம் வந்தது. அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, பேருந்துப் பணியாளர் குடியிருப்புக்கு ஓர் ஆராய்ச்சிக்காரர் டேப் ரிக்கார்டரும் கையுமாக வந்தார். வீடு வீடாகப் பெண்களைப் பேசவைத்துப் பதிவு செய்தார். அம்மாவிடம் வந்தவர், மத்தியானம் முழுக்க எழுந்திருக்க முடியாமல் மாட்டிக்கொண்டார். அந்த நாடாக்களெல்லாம் நகரத்து ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. மகள் கணினியில் தேடினாள். கிடைத்தது: "கிழவனைத் திட்டும் மனைவி. பேருந்துப் பணியாளர் குடியிருப்பு. ஒலிநாடா."

"அம்மாதாம்பா. வேற யாரா இருக்க முடியும்?" என்றாள்.

டிரைவரின் முழங்கால் வீக்கம் வடியக் கொஞ்ச நாளாயிற்று. அது வடிந்து அவர்கள் கிளம்பிப் போவதற்குள் காப்பகம் திருந்திவிட்டிருந்தது.

வாசலில் காவலர் எழுந்து நின்று, "பெரியவரே, இப்படி வாங்க" என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு மேலே இருந்த கேமராவைப் பார்த்தார். "மன்னிச்சுக்கங்க. அப்படிக் கூப்பிடக்கூடாதுன்னு ஆர்டர். பார்த்து ஏறி வாங்க... தம்பி."

முப்பது வயது காவலர் தன்னைத் தம்பி என்றது டிரைவருக்குப் புரியவில்லை. படி ஏறுவதில் கவனமாக இருந்ததால் விட்டுவிட்டார். படிக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலி ஏற வசதியாகச் சாய்தளம் கட்டுவதற்கென்று தோண்டிய பள்ளம் இருந்தது. பள்ளத்துக்கு மேல் பளபளவென்று ஒரு பித்தளைப் பலகை: "இங்கே யாருக்கும் வயதாவதில்லை."

உள்ளே விவரக்குறிப்புப் பிரிவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். காப்பகத்திலிருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் நாடாவுக்கும் இது இன்னது என்று இரண்டு வரி எழுதிவைப்பது அவள் வேலை. அதனால் அவளை எல்லோரும் குறிப்பம்மா என்றார்கள். தூங்கி எழுந்த முகம்தான். ஆனால், தூங்கினால் தீருகிற சோர்வு இல்லை அது.

"பஸ் குடியிருப்புல எங்கம்மா பேசின நாடா. கிழவன்னு போட்டுத் தேடுங்கம்மா" என்றாள் மகள்.

குறிப்பம்மா தட்டிப் பார்த்தாள். "இல்லைங்க."

"முதியவர்?"

"இல்லை."

"வயசானவங்க?"

"நம்ம காப்பகத்துல இப்போ வயசானவங்க யாருமே கிடையாதும்மா. போன மாசத்தோட எல்லாரையும் எடுத்தாச்சு."

டிரைவர் பயந்துபோனார். "எடுத்தாச்சுன்னா?"

"வார்த்தையைத்தான்" என்று ஒரு தாளைத் திருப்பிக் காட்டினாள் குறிப்பம்மா.

பழைய குறிப்பு ஒரு பக்கம், திருத்திய குறிப்பு ஒரு பக்கம். "பூங்கா பெஞ்சில் தூங்கும் கிழவர்" என்ற படம், "நீண்ட வாழ்வனுபவம் கொண்ட நபர் ஒருவர் பூங்கா பெஞ்சில் ஓய்வைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்" என்று ஆகியிருந்தது. "தாத்தாவும் பேரனும்" என்பது, "இரண்டு ஆண்கள். இருவருக்கும் இடையே சற்றுக் கால இடைவெளி உள்ளது." பல் இல்லாத கிழவி ஒருத்தி வாய்விட்டுச் சிரிக்கும் படத்துக்கு என்ன எழுதுவதென்று குழு பலமுறை கூடி விவாதித்து, கடைசியில் "சிரிப்பு" என்று மட்டும் எழுதியிருந்தது.

"முதல்ல மிஷினை விட்டு மாத்தச் சொன்னாங்க. அது பழைய பஸ் ஸ்டாண்டை அனுபவமிக்க பஸ் ஸ்டாண்டுன்னு மாத்திருச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா என்னைக் கையால மாத்தச் சொன்னாங்க. இது முடிஞ்சதும் நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

"ரிட்டையர்மெண்டாம்மா?" என்றார் டிரைவர்.

"வயசாயிடுச்சுன்னு அனுப்புறாங்க. ஆனா ஆர்டர்ல வயசுன்னு போடல. 'இயல்பான நிறைவு'ன்னு போட்டிருக்கு." குறிப்பம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "உங்க நாடா சிகிச்சையில இருக்குங்க. குறிப்பை மாத்திட்டோம். ஆனா நாடாவுக்குள்ளயே அந்த அம்மா அதே வார்த்தையைச் சொல்லிட்டே இருக்காங்களாம். அதனால குழு வச்சிருக்கு. மூணாவது மாடி."

"லிஃப்ட் இருக்கா?"

"இருக்கு. ஆவணங்களுக்கு மட்டும்."

மூத்தோர் சொல்மாண்பு மீட்புக் குழு மூன்றாவது மாடியில், குளிர்பதன அறையில், நீள்வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்த டிரைவரைக் கண்டதும் காப்பகத்தின் இயக்குநர் எழுந்து கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். யாருக்கும் நாற்காலி போடத் தோன்றவில்லை. இரண்டு கையும் கைதட்டுவதில் இருந்தன.

"வாங்க, வாங்க. உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிட்டு இருந்தோம்" என்றார் இயக்குநர். "இந்தக் குழுவுல ஏன் மூத்தவங்க யாருமே இல்லைன்னு நீங்க கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஒருத்தரை வச்சிருந்தோம். படியேற முடியலைன்னு ராஜினாமா பண்ணிட்டார். அவருக்குப் பதிலா அவரோட படத்தை மாட்டியிருக்கோம்."

படம் மாட்டியிருந்தது. அதில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். டிரைவருக்குப் பொறாமையாக இருந்தது.

"மூத்தோரை மதிக்கறதுங்கறது எனக்கு ரத்தத்துலயே ஊறினது" என்று இயக்குநர் தொடர்ந்தார். "எங்கம்மாவை நல்ல இல்லமா பார்த்துத்தான் சேர்த்தேன். வாசல்ல 'முதியோர் இல்லம்'னு போர்டு. என்னால தாங்க முடியல. அதை மாத்தச் சொல்லி நானே அவங்களுக்கு எத்தனை தடவை எழுதியிருக்கேன் தெரியுமா? இப்போ 'அனுபவ மாளிகை'ன்னு மாத்திட்டாங்க. கேக்கவே எவ்வளவு நிறைவா இருக்கு! நேர்ல போய்ப் பார்க்கத்தான் இன்னும் நேரம் அமையல."

"போர்டையா?" என்று மகள் கேட்டாள்.

"போர்டையுந்தான்" என்றார் இயக்குநர்.

அவருக்குப் பக்கத்தில் மொழிநல ஆலோசகர் உட்கார்ந்திருந்தார். இளம் பெண். வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்டவர். எழுத்தில் இருப்பதைப் போலவே வாயிலும் பேசுகிறவர். "தாங்கள் எவ்வாறு விளிக்கப்பட விரும்புகிறீர்கள்?" என்று பேனாவைத் திறந்தார்.

டிரைவர் மகளைப் பார்த்தார். "உங்களை எப்படிக் கூப்பிடணும்னு கேக்கறாங்கப்பா."

"டிரைவர்னு கூப்பிடுவாங்க. ஆனா நான் வந்தது அதுக்கில்லீங்க. என் வீட்டுக்காரி பேசின நாடா இங்க இருக்கு. அதோட நகல் ஒண்ணு குடுத்தீங்கன்னா போயிடுவேன்."

ஆலோசகர் நாடாவின் எழுத்துப்படியைப் புரட்டினார். பக்கமெல்லாம் சிவப்பு வட்டங்கள். அம்மை போட்ட முதுகு மாதிரி இருந்தது. "இதில் தங்களை அந்தச் சொல்லால் பலமுறை தாக்குகிறார். அப்போது தங்களுக்கு என்ன வயது?"

"நாப்பத்தஞ்சுகூட ஆகலீங்க. ஆனா முப்பதுலேருந்தே அப்படித்தான். முடி சீக்கிரம் வெளுத்திருச்சு, அதான்."

மேசையைச் சுற்றிப் பரபரப்பு எழுந்தது. முப்பது வயதுக்காரரை அப்படி அழைத்தால் அது வயதைப் பற்றிய இழிவா, தோற்றத்தைப் பற்றிய இழிவா? தோற்றம் என்றால் அதற்குத் தனிக் குழு உண்டு, நான்காவது மாடியில். முடி மட்டும் முதுமை அடைந்திருக்கலாம் என்றார் ஒருவர். முடிக்கும் மாண்பு உண்டு என்றார் இன்னொருவர். கொஞ்ச நேரம் கழித்து இயக்குநர் கையை உயர்த்தி, இரண்டுமே இருக்கலாம், ஆகையால் இரண்டு மடங்கு சிகிச்சை தேவை என்று தீர்ப்புச் சொன்னார்.

"எனக்கு அதுல வருத்தமே கிடையாதுங்களே" என்றார் டிரைவர்.

ஆலோசகர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அதுதான் மிகவும் வருத்தத்துக்குரியது. நீண்டகாலம் காயப்பட்டவர்கள் காயத்தையே உணர்வதில்லை."

இத்தனை வருஷம் காயப்பட்டிருந்தோம் என்று தெரியாமலே வண்டி ஓட்டியிருக்கிறோமே என்று ஒரு கணம் டிரைவரே நம்பிவிட்டார். முழங்கால் வேறு நன்றாக வலித்தது.

"இன்னொன்று" என்றார் ஆலோசகர். "நாடாவின் நடுவே தங்கள் குரலும் வருகிறது. மின்விசிறியைப் போடும்படி மனைவி சொல்ல, தாங்கள் 'போடறேன்டி' என்கிறீர்கள். அந்தப் பகுதியைப் பெண்மாண்புக் குழுவுக்கு அனுப்பிவிட்டோம். ஐந்தாவது மாடி."

ஆக, புருஷன் ஒரு மாடியிலும் பெண்சாதி ஒரு மாடியிலுமாகச் சிகிச்சையில் இருந்தார்கள்.

அதன்பின் டிரைவர் பலமுறை படியேறினார். ஒரு தடவை அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு தடவை அவருடைய கையை மட்டும் தனியாகப் படமெடுத்து, "நீண்ட வாழ்வனுபவம் கொண்ட கை" என்று சுவரொட்டி அடித்தார்கள். மற்றொரு தடவை, அவரைப் போன்றவர்களின் கருத்தைக் கேட்பது எப்படி என்று இரண்டு மணி நேரம் அவருக்கே பாடம் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்பார்கள். அவர் "அந்த நாடா" என்பார். "நிச்சயமாக" என்று எழுதிக்கொள்வார்கள்.

கடைசியில் சொல்மாண்பு நாள் என்று ஒரு விழா எடுத்து, அதில் நகலைக் கொடுத்தே விட்டார்கள். மேடையில் இயக்குநர் கண்கலங்கினார். "இது வெறும் நகல் இல்லை. குணமான நகல். நோயுற்ற மூலத்தை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டோம். பிள்ளை கேட்டாலும் கிடையாது, ஆராய்ச்சியாளர் கேட்டாலும் கிடையாது. மூலத்தைக் கேட்கும் உரிமை ஒரே ஒருத்தருக்குத்தான். அந்தச் சொல்லால மனசு புண்பட்டவருக்கு. புகார் குடுத்தவர் மட்டும்தான் தன் காயத்தைத் தானே கேட்டு மதிப்பிடலாம். இதுதான் எங்க விதியோட அறம்!" கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரமாயிற்று.

வீட்டுக்கு வந்து அப்பாவும் மகளும் சமையலறை மேசையில் உட்கார்ந்து நகலைப் போட்டார்கள். சரசரவென்று ஒரு சத்தம். பிறகு அவள் வந்துவிட்டாள். குரல் அப்படியே, மூக்கில் லேசாக ஏறி.

"யாரு, என்—"

"நீண்ட வாழ்வனுபவம் கொண்ட நபர்" என்று இயக்குநரின் குரல் குறுக்கே வந்தது. நிதானமாக, தெளிவாக, விழாவில் பேசியது போலவே.

"—ஆ? அது ஊரு பூரா பஸ் ஓட்டும். வீட்டுக்குள்ள ஒரு ஸ்டூலை நகர்த்தத் தெரியாது. ராத்திரித் தூக்கத்துல கியர் போடும் சார்! என் முழங்கையைப் பிடிச்சு மூணாவது கியர் போட்டுட்டுத்தான் கையை எடுக்கும். இந்த—"

"நீண்ட வாழ்வனுபவம் கொண்ட நபரோடு."

"—குடித்தனம் பண்றதுக்கு நானும் லைசென்ஸ் எடுத்திருக்கணும். ஏ—"

"நீண்ட வாழ்வனுபவம் கொண்ட நபரே."

"—அந்த ஃபேனைப் போடு, வந்தவருக்கு வேர்க்குது பாரு!"

அடுத்து டிரைவருடைய பதில் வரவேண்டிய இடம். அங்கே ஒன்றும் இல்லை. யாருமே இல்லாத வீட்டில் அவள் தனியாகக் கத்தியது போல் இருந்தது.

மகளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். டிரைவர் கையை நீட்டி ரிக்கார்டரை அணைத்துவிட்டார்.

"எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இந்த ஆளு எதுக்கு வந்து உட்கார்ந்திருக்கான்?" என்றார்.

மகள் பாத்திரம் கழுவப் போனாள். வாயில் அம்மாவின் வம்சம். கொஞ்ச நேரம் கழித்து முதுகைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "அப்போ புண்படுங்கப்பா."

"என்னது?"

"அந்த ஆளு மேடையில சொன்னாரே. மனசு புண்பட்டவர் மட்டும் அசலைக் கேக்கலாமாம். உங்களைவிட்டா வேற யாரு இருக்கா? போய்ப் புண்படுங்க."

டிரைவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "செத்துப்போனவ மேல புகார் குடுக்கச் சொல்றியா? நீ அவ பெத்த பொண்ணுதானா?"

"அம்மா இருந்திருந்தா இந்நேரம் உங்க கையைப் பிடிச்சுக் கையெழுத்தே போட வச்சிருப்பாங்க. 'ஒரு புகார் குடுக்கத் துப்பிருக்கா இந்தக் கிழவனுக்கு'ன்னு கேட்டிருப்பாங்க."

அப்பாவைக் குறித்து அவள் வாயிலிருந்து அந்தச் சொல் அதுவரை வந்ததே இல்லை. டிரைவர் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதற்கும் அடுத்த நாள், சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "வா, புண்பட்டுட்டு வரலாம்" என்றார்.

குறிப்பம்மா புகாரை வாங்கிக்கொண்டாள். மேலும் கீழும் பார்த்தாள். "யோசிச்சுத்தான் பண்றீங்களா?" என்று குரலைத் தாழ்த்தினாள். "கேட்டு முடிச்சதும் வலிச்சுதான்னு கேப்பாங்க. ஆமா, தாங்க முடியலன்னு முடிவாச் சொல்லிட்டீங்கன்னா நாடாவை நிரந்தரமா முத்திரை வச்சிருவாங்க. உங்க வீட்டம்மா குறிப்புல 'வயதுப் பாகுபாடு காட்டியவர்'னு சேர்க்கணும். நான்தான் சேர்க்கணும். வலிக்கலன்னு சொன்னீங்கன்னா புகார் தள்ளுபடி. அப்புறம் அசல் உங்க காதுல எப்பவும் விழாது."

"ரெண்டும் சொல்லாம இருந்தா?"

குறிப்பம்மா விதிப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. எழுதியவர்கள் அப்படி ஒரு மனுஷனை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "தெரியலைங்க. இதுவரைக்கும் யாரும் புகாரே குடுத்ததில்ல" என்றாள்.

கேட்பு அறை சின்னது. ஒரு நாற்காலி இருந்தது. புண்பட்டவர்களுக்கு நாற்காலி உண்டு. ஆறுதல் அலுவலர் என்ற பொறுப்பில் ஆலோசகரே வந்து எதிரில் உட்கார்ந்து, காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். நாடா சுற்றத் தொடங்கியது.

"யாரு, என் கிழவனா?"

டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரோ வாசலில் நின்று கூப்பிட்டது மாதிரி, எழுந்திருக்கக்கூடப் பார்த்தார். அவள் பேசிக்கொண்டே போனாள். ஸ்டூல் வந்தது. கியர் வந்தது. மூன்றாவது கியர் விழுந்தபோது ஆலோசகர் அவசரமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு இருமினார். "ஏ கிழவா, அந்த ஃபேனைப் போடு!" அந்த இடத்தில் இப்போதும் ஓர் ஓட்டைதான். அவர் குரல் ஐந்தாவது மாடியில் இருந்தது. டிரைவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, வாய்க்குள்ளேயே, "போடறேன்டி" என்றார்.

முன்பு வீட்டில் அவர் பாதியில் அணைத்துவிட்டதால் கேட்காமல் போன பகுதி அதன்பிறகு வந்தது.

"அதுக்கு ராத்திரி டூட்டின்னா எனக்குத் தூக்கம் கிடையாது சார். டிப்போ பக்கத்துலதானே இருக்கு. ஒவ்வொரு பஸ்ஸா வரும். எத்தனை வந்தாலும் என் கிழவன் பிரேக் போடற சத்தம் எனக்குத் தெரியும். அது கேட்டாத்தான் கண்ணை மூடுவேன். இதையெல்லாம் அதுகிட்டப் போய்ச் சொல்லிறாதீங்க. அப்புறம் கிழவனைக் கையில பிடிக்க முடியாது."

நாடா நின்றது. டிரைவர் கைக்குட்டைப் பெட்டியில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டார். ஆலோசகர் "கடுமையான பாதிப்பு" என்று எழுதிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "எந்த இடத்தில் வலித்தது?"

"கடைசியிலங்க."

"தாங்கக்கூடியதா? தாங்க முடியாததா?"

டிரைவர் வெகுநேரம் யோசித்தார். வளைவில் எதிரே என்ன வருகிறதென்று தெரியாதபோது காலைப் பிரேக்கில் வைத்துக் காத்திருக்கும் யோசனை அது.

"ஒரு தடவை கேட்டுச் சொல்ல முடியலங்க. நடுவுல கண்ணு மறைச்சிருச்சு. இன்னொரு நாள் வந்து கேட்டாத்தான் சரியாச் சொல்ல முடியும்."

ஆலோசகர் விதிகளைப் புரட்டினார். புகாரளித்தவர் தம் காயத்தை முழுமையாக மதிப்பிடும்வரை அவருக்கு வேண்டிய அவகாசம் தரப்பட வேண்டும் என்று இருந்தது. அதை அவரே எழுதியிருந்தார்.

அடுத்த வாரமும் டிரைவர் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். அவர் மூன்று மாடி ஏறி இளைக்கும் சத்தம் கேட்டாலே நாடாவை மாட்டிவைத்தார்கள். ஒரு வாரம் மகளையும் துணைக்குச் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டார். புண்பட்டவரின் வாரிசும் புண்பட்டிருக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. நாடாவுக்கு முத்திரை விழவில்லை. அவள் குறிப்பில் யாரும் எதையும் சேர்க்கவில்லை. குறிப்பம்மா இயல்பாக நிறைவடைந்து வீட்டுக்குப் போனாள். அந்த வேலைக்கு வேறு ஆள் போடவில்லை.

வருட இறுதிக் கூட்டத்தில் இயக்குநர் பேசினார். மூத்தோரின் மனக்காயங்கள் நாம் நினைத்ததைவிட ஆழமானவை, ஒரே ஒருவருடைய காயத்தையே இன்னும் அளந்து முடிக்க முடியவில்லை, அப்படியானால் சமூகத்தில் எத்தனை இருக்கும், ஆகவே குழுவை விரிவுபடுத்த வேண்டும், ஆறாவது மாடி ஒன்று கட்ட வேண்டும் என்றார். நிறைவேறியது.

ஆலோசகர் இப்போது பேனாவைத் திறப்பதில்லை. டிரைவர் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருப்பார். விதிப்படி ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அதைக்கூட இப்போதெல்லாம் எழுத்தில் இருப்பதைப் போலக் கேட்பதில்லை.

"இன்னும் வலிக்குதுங்களா?"

புகாரில் எழுதியது அத்தனையும் பொய். இந்தக் கேள்விக்கு மட்டும் டிரைவர் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை.

"வலிக்குதும்மா. போடுங்க."